கொல்லிமலை ஏறும் முன் பழைய தண்டர்பேர்டுக்குச் செய்ய வேண்டியவை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 2011-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க் இருக்கிறது. நண்பர்களுடன் கொல்லிமலைக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். கூடுதல் விளக்குகள், பக்கப்பெட்டிகள், புதிய சைலன்சர் ஆகியவற்றுக்காக 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் குறிப்பிட்டவற்றில் எதுவுமே இந்த வண்டிக்கு முதல் தேவை அல்ல. பழைய வண்டி முதலில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் செய்வதுதான் மேம்பாடு. அந்த நிலைக்கு வராத வண்டியில் பெட்டிகளை மாட்டினால், தேய்ந்த பிரேக்கின் மீது கூடுதல் சுமையை ஏற்றியதாகவே ஆகும்.

முன் டிஸ்க் பிரேக்கின் ஆயிலைப் பாருங்கள். ஹேண்டில் பாரில் உள்ள சிறிய தொட்டியில் அது காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது என்று பொருள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடற்கரையை ஒட்டிய உங்கள் பகுதியில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 4 என்ற தரக் குறியீடுள்ள புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் குறைந்தபட்ச அளவு. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் தொடர்ந்து சூடேறும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியானால் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம்.

இதை வீட்டிலேயே செய்யலாம். காலிப்பரின் (டிஸ்கைக் கவ்வும் பகுதி) நிப்பிளில், அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகில், உள்ளே ஓடும் ஆயில் தெரியும்படியான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடுங்கள், பிறகு லீவரை விடுங்கள். தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். மேல் தொட்டியில் அளவு குறைந்து காற்று உள்ளே போய்விட்டால் வேலை முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அவ்வப்போது நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டேங்கின் மீது ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் போய்விடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிந்தால், ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸாக மாற்றுங்கள். நான் மனமாரப் பரிந்துரைக்கும் மேம்பாடு இதுதான்.

அடுத்தது கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புவதற்கு உதவும் குண்டுகளும் அவை உருளும் கிண்ணங்களும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால், குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் பதித்துவிட்டன. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்கள்) கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்று கேட்டால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. பெட்டிகளோடு வேகமாகப் போகும் வண்டி தலையாட்டுவதற்கு இந்தத் தளர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன் (தரையைப் பற்றும் மேடுகள்) நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகி, ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரோடு மலை ஏற வேண்டாம்.

இத்தனையும் முடிந்து பணம் மீந்தால் பக்கப்பெட்டிகள் வாங்குங்கள்; கனமான பொருள்கள் பெட்டியின் அடியிலும், கூடியவரை இருக்கைக்கு அருகிலும் இருக்கட்டும். சைலன்சரை மாற்ற வேண்டாம். அதற்கான காரணத்தைக் கீழே பெரம்பூர் வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க நிறுத்தியிருந்த வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலரேட்டரைத் திருகினால் அணைந்துவிடுகிறது. (வேளச்சேரி வாசகர்)

பதில்: முதலில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கோ உருண்டு நகரும் துளிகளோ தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது நாம் நிரப்பும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறும்போது தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்க் பாதி காலியாகவும், மூடியின் ரப்பர் வாஷர் வெடித்தும் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எளிதில் நடக்கும். டேங்கை முழுவதுமாக வடித்துப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் டியூப்களையும் எத்தனாலுக்குத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் இல்லையென்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட் அடைத்திருக்கலாம். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். ஆனால் ஸ்ப்ரே அடிக்கும் முன் மேல்மூடியைத் திறந்து மெல்லிய ரப்பர் டயாஃப்ரமைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், அந்த ரசாயனத்தால் ரப்பர் உப்பிவிடும். எடுத்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதில் கிழிசல் இருந்தால், ஐடிலில் நின்று திருகும்போது இழுக்காமல் போவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: 20 வாட் எல்இடி விளக்குகள் இரண்டைப் பொருத்தினால் பேட்டரி தாங்குமா? (மேடவாக்கம் வாசகர்)

பதில்: 40 வாட் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். ஓடும் வண்டியில் இந்தச் சுமையை ஏற்க வேண்டியது பேட்டரி அல்ல, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர். ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எல்லா விளக்குகளும் எரிய, இன்ஜின் மிதமான வேகத்தில் ஓடும்போது 13.5-க்கு மேல் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. விளக்குகளுக்குத் தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஃபியூஸும் கட்டாயம் வேண்டும், ஹெட்லைட் ஒயரிலிருந்து ஒட்டுப்போடக் கூடாது. டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

கேள்வி: ஆர்.சி. புதுப்பிக்கும்போது மாற்றிய சைலன்சரால் சிக்கல் வருமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வரும். பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கும்போது வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிலையிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பழைய சைலன்சர் கைவசம் இல்லையென்றால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் விசாரியுங்கள். விண்ணப்பப் படிவம் 25-ஐ, பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாள்களுக்குள் அளிக்கலாம்.

கேள்வி: கார் ஆயில் ஊற்றியதிலிருந்து கிளட்ச் நழுவுகிறது. டேப்பெட்டையும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். என்னுடையதும் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்தான். (அம்பத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் வண்டியில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்திருக்கின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதால் தட்டுகள் வழுக்குகின்றன. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற, இப்படி நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற பைக் ஆயில் தரக் குறியீடு உள்ள 15டபிள்யூ-50 ஆயிலை ஊற்றி, ஃபில்டரையும் மாற்றுங்கள். நழுவல் அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டேப்பெட் என்பது வால்வைத் திறக்க உதவும் பாகம். இந்த இன்ஜினில் இருப்பவை ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்கள், அவற்றை அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை. காலையில் சில நொடிகள் சத்தம் வந்து அடங்கினால் கவலை வேண்டாம். அடங்கவில்லையென்றால் ஆயில் அளவைப் பாருங்கள்.

ஆயிலை இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடித்து, டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போடுங்கள். வடித்ததைத் தெருக் கால்வாயில் ஊற்றாதீர்கள், அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.