அமெரிக்க டிரக் ஸ்டாப்பில் டீசல் போட்டதும் வண்டியை ஏன் முன்னே நகர்த்த வேண்டும்?

பம்பைத் தாண்டி முன்னால் தரையில் ஒரு கோடு இருக்கும். டீசல் நிரம்பியதும் அதுவரை வந்து நின்றால், பின்னால் இருப்பவர் உடனே நிரப்ப ஆரம்பிக்கலாம். ரசீது வாங்க, கழிப்பறைக்குப் போக அங்கே சில நிமிடம் நிற்பது சரி. குளிக்கவோ சாப்பிடவோ 30 நிமிட ஓய்வெடுக்கவோ பார்க்கிங்குக்குப் போய்விடுங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது அங்கே பொதுவான விதி. வரிசையில் காத்திருப்பதும் அந்த 14 மணியில்தான் கழியும். பலருக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். நாம் அசட்டையாக நின்றால் அவர்கள் வருமானம் போகிறது.

அப்புறம், டீசல் சிந்தினால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். அடுத்து இறங்குபவர் வழுக்கி விழுவார்.