கம்பி மனிதர்கள்: இன்று இரவு கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வணக்கம். முன்பு மின்சார வயர்மேன், இப்போது ஓய்வு. பினாங்கில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கம்பியில் ஆள் உருவம் செய்கிறேன், பதினைந்து வருடப் பழக்கம். பத்தரை வரை இருப்பேன். மட்பாண்டம், எபாக்ஸி, முப்பரிமாண அச்சு எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

தொடக்கக்காரி, சிரம்பான்: அண்ணே, முதல் உருவம் செய்யப்போகிறேன். எங்கே தொடங்குவது?

கம்பியைத் தொடாமல் தொடங்கு தங்கச்சி. முதலில் தாள். 30 சென்டிமீட்டர் ஆள் என்றால் 30 சென்டிமீட்டருக்கே குச்சி மனிதனை வரை. பெரியவர் உடம்பு தலையைப் போல ஏழரை மடங்கு என்று பிடித்தால் தலை 4 சென்டிமீட்டர், கால் பிரிகிற இடம் பாதியில் 15, முட்டி தரையிலிருந்து ஏறக்குறைய 8. எல்லோரும் செய்கிற தப்பு தலையைப் பெரிதாக்கி, கையைக் குட்டையாக்குவது. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி நடுத்தொடைக்கு வரவேண்டும்.

அப்புறம் சாக்கு நூலைப் படத்தின் கோட்டின் மேல் ஓட்டி நீளம் எடு. கையும் காலும் போய்த் திரும்புகிற இரட்டைக் கம்பி, அதையும் சேர்த்து அள. முறுக்குக்குக் கால் பங்கு கூட வை. தலை வளையத்தில் தொடங்கி, கழுத்தில் இரண்டு முறுக்கு, தோளில் இரு பக்கமும் பிரித்து, கை போய்த் திரும்பி, முதுகுத்தண்டுக்கு முறுக்கி இறக்கி, இடுப்பில் மறுபடி பிரித்துக் கால். பாதத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டர் மிச்சம் விடு, அது பலகையில் துளை போட்டு இறக்க. இந்த மிச்சத்தை மறந்தவர்கள்தான் பிறகு என்னிடம் வந்து "நிற்க மாட்டேங்குது" என்கிறார்கள்.

இது வெறும் எலும்பு. இதன் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றுவதற்கு முன்னாலேயே நிலையை வளைத்துவிடு. சுற்றியபின் வளைத்தால் சுற்று எல்லாம் ஒரு பக்கம் குவியும். வளைவும் மூட்டில்தான் வரவேண்டும், தொடை நடுவில் வளைந்தால் ரப்பர் ஆள். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிற ஆளா? கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடு. அது பாரம் தாங்குகிற காலின் கணுக்கால் மேல் விழவேண்டும். அந்தப் பக்க இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் இறங்கும். இவ்வளவு சரியாக வந்துவிட்டால் முகமே வேண்டாம், அலுத்துப்போய் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் என்று பார்த்தவுடன் தெரியும்.

கோலாலம்பூர் தம்பி: எந்தக் கம்பி வாங்குவது?

எலும்புக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் அலுமினியம், உடம்புக்கு 1 மில்லிமீட்டர். கையால் வளையும், துருப்பிடிக்காது. இரும்பு வேண்டுமென்றால் கட்டுமான ஆட்கள் கம்பி கட்டப் பயன்படுத்துகிற கறுப்புக் கம்பி, மெத்தென்று இருக்கும். கடைத் தவுக்கேயிடம் நம்பர் சொல்லிக் கேட்டால், நம்பர் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும் என்பது ஞாபகம் இருக்கட்டும். 16 நம்பர் சுமார் 1.6 மில்லிமீட்டர்.

பட்டர்வொர்த்காரர்: வீட்டில் பழைய 2.5 கரண்டு ஒயர் கிடக்கிறது. 2.5 மில்லிமீட்டர் எலும்புக்குச் சரிதானே?

ஆ, இது என் தொழில். அந்த 2.5 விட்டம் இல்லை ஐயா, வெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டர். ஒற்றைச் செம்புக் கம்பியாக இருந்தால் விட்டம் 1.78 தான். பல இழை என்றால் இன்னும் மெல்லிசு, எலும்புக்கு உதவாது, சதைக்கு அருமை. மேலுறையைக் கத்தியால் உரியுங்கள், எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் வருகிற புகை தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும், பின்கட்டில் துணி காயப்போட்டிருக்கிற பக்கத்து வீட்டம்மாவும் சும்மா விடமாட்டார். செம்பை வளைக்க வளைக்க முறுக்கேறிக் கடினமாகும். அப்போது மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும்.

ஈப்போ வாசகர்: நாகப்பூச்சுக் கம்பியையும் அப்படிச் சூடாக்கலாமா?

கூடாது. கூடாது. பூச்சில் இருப்பது துத்தநாகம், 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், கேஸ் டார்ச்சுக்கு அது பெரிய சூடே இல்லை. அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், உடம்பு வலி. நானே ஒரு முறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு இடத்தில் பற்றவைத்தேன், அன்று இரவு இரண்டு போர்வை போட்டும் பல் ஆடியது. மனைவி டெங்கி என்றே நினைத்துவிட்டாள். நாகப்பூச்சுக் கம்பிக்கு முறுக்கும் கட்டும்தான், நெருப்பு இல்லை.

சுங்கை ஆரா ஆசிரியை: தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தலாமா?

தாராளமாக டீச்சர். 1.5 மில்லிமீட்டர் அலுமினியம் மட்டும். வெட்டுவது நீங்கள். வெட்டும்போது துண்டு பறக்கும், இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வெட்டவேண்டும், எல்லோருக்கும் கண்ணாடி. ஒவ்வொரு முனையையும் உள்பக்கமாகச் சின்ன வளையமாகச் சுருட்டிவிடச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டலாம்.

கிள்ளான் அக்கா: ஊசியில் பின்னுவது போலக் கம்பியில் பின்னுகிறார்களே, அது?

அது ரூத் அசாவா என்ற அமெரிக்கச் சிற்பியின் வழி அக்கா. 1947ல் மெக்சிகோவின் தொலுகாவில் கம்பிக் கூடை பின்னுகிறவர்களிடம் கற்றுக்கொண்டார். நான் செய்ததில்லை.

காஜாங் நண்பர்: எந்தக் கம்பி நல்லது அண்ணே?

மேலே.

ஜார்ஜ்டவுன் சுவர்: அண்ணே, நம்ம ஊர்ச் சுவரெல்லாம் கம்பிச் சிற்பம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

அது கம்பிச் சிற்பம் இல்லை தம்பி. 2009ல் மாநில அரசு நடத்திய போட்டியில் தேர்வான யோசனை, மொத்தம் 52. கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்ததை இரும்புத் தண்டில் வளைத்துப் பற்றவைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சுவரோடு ஒட்டிய படம், சுற்றிவந்து பார்க்க முடியாது.

ஜார்ஜ்டவுன் சுவர்: அப்போ கால்டர் செய்ததும் காற்றில் கோடுதானே? அது மட்டும் சிற்பமா?

சரி, வம்புக்கு வந்துவிட்டீர்கள். அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பி மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படித்தவர், கையில் குறடு இல்லாமல் இருக்கமாட்டார். என் ஆள் என்று சொல்லிக்கொள்வேன். 1926ல் பாரிசில் ஜோசபின் பேக்கர் என்ற ஆட்டக்காரியைக் கம்பியில் செய்யத் தொடங்கினார். வயிற்றுக்கு ஒரு சுருள், மார்புக்கு இரண்டு. மேலிருந்து தொங்கும், காற்றுக்கு அசையும், ஒவ்வொரு கோணத்திலும் வேறு பெண். சுவரில் மாட்டிய தண்டு அப்படித் திரும்புமா?

பிரிக்பீல்ட்ஸ் பார்வையாளர்: ஒரே கம்பியில், துண்டிக்காமல் செய்தால்தான் அசல் கம்பிச் சிற்பம். இருவரும் தப்பு.

இது யார் போட்ட சட்டம்? ஒரே கம்பியில் செய்வது ஒரு வித்தை, நானும் செய்வேன், ஆனால் கை தேவைப்படுகிற இடத்துக்குப் போவதற்காகக் கம்பி ஊர் சுற்றி வரும், அந்தத் தேவையில்லாத கோடு உருவத்தைக் கெடுக்கும். துண்டு போட்டுக் கட்டுங்கள்.

ஜார்ஜ்டவுன் சுவர்: பேச்சை மாற்றாதீர்கள். சூ ஹாங் லேனில் ரிக்‌ஷாக்காரர் சந்துக்குள் சிக்கி நிற்கிற சிற்பம் பார்த்திருக்கிறீர்களா? தண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி இருக்கிறது. வெயில் சாயும்போது நிழல் சுவரில் நகர்கிறது. படம் நகருமா?

பார்த்திருக்கிறேன், காலையில். மாலை வெயிலில் பார்த்ததில்லை. நிழலைக் கணக்கில் சேர்த்தால் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, நானே பலகைக்கு விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத்தான் வாங்குகிறவருக்குக் காட்டுகிறேன். மீதிப் பாதியை விட்டுத்தரமாட்டேன்.

காஜாங் நண்பர்: மேலே தேடினேன், கிடைக்கவில்லை.

கோலாலம்பூர் தம்பிக்குச் சொன்ன பதில். 2.5, 1. அலுமினியம்.

தஞ்சோங் பூங்கா வீட்டுக்காரர்: கடலோரக் கொண்டோ. இரும்புச் சிற்பம் மூன்று மாதத்தில் துரு.

உப்புக் காற்று. வியர்வைக் கையால் தொட்டால் அதுவும் உப்பு. துருவைத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மேட் லேக்கர் மெல்லிசாக இரண்டு தடவை. பால்கனியில் வைத்தால் இதுவும் தாங்காது, உள்ளே கொண்டுபோங்கள்.

மீண்டும் தொடக்கக்காரி: சதைக்கு எப்படிச் சுற்றுவது? ஸ்பிரிங் மாதிரி வருகிறது.

சுற்று என்று நான்தான் சொன்னேன், ஆனால் சுருள் போலச் சுற்றாதே, ஓட்டு. ஒரு மூட்டில் கட்டி, தசை போகிற திசையில் நீளமாக அடுத்த மூட்டுக்கு ஓட்டி, அங்கே ஒரு சுற்று, திரும்பி வா. நடுநடுவே காலியாக விடு. கெண்டைச் சதையை உன் காலையே பிடித்துப் பார்த்துச் செய். முனைகளைச் சுருட்டினாயா?

ஜார்ஜ்டவுன் சுவர்: நாளை மாலை வாங்களேன், நிழலைக் காட்டுகிறேன்.

நாலு மணி, சூ ஹாங் லேன். குடை எடுத்து வாருங்கள், இரண்டு நாளாக அந்த நேரத்துக்குத்தான் மழை கொட்டுகிறது.