மட்டக்களப்பில் ஒரு கம்பஸுக்குச் சோலாரும் காற்றாடியும் சேர்ந்த மின் திட்டம் போடுவது எப்படி?

கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் ஒரு கல்வி வளாகத்துக்கு, இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாகச் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின் தொகுதி வடிவமைக்க வேண்டும், இரண்டையும் பாதிக்குப் பாதி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதிக்குப் பாதி வேண்டாம். நம்முடைய கரையில் சோலார்தான் சுமையைத் தூக்கும். காற்றை அளந்து பார்த்த பிறகு, கணக்கு ஒத்துவந்தால் மட்டும் காற்றாடியைச் சேருங்கள். இந்தப் பக்கம் கூரைச் சோலார் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் மெயின் போர்ட்டுக்குப் போங்கள். மின் பட்டியல் மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று சொல்லும், எந்த மணிக்கு எவ்வளவு என்று சொல்லாது. மின் பாவனையை மணிவாரியாகப் பதிந்து வைக்கும் லொகர் ஒன்றைப் பூட்டி இரண்டு கிழமையாவது ஓடவிடுங்கள். இரவு இரண்டு மணி வாசிப்பைக் கவனித்துப் பாருங்கள். விரிவுரை மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், ஆனாலும் மின்னோட்டம் பூச்சியத்துக்கு இறங்காது. ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டிகள், சேர்வர் அறை ஏசி, விடுதித் தண்ணீர் மோட்டர், மதிலோர விளக்குகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரவுச் சுமையில் எது அவசியம் என்று தெரிந்தால்தான் பற்றரியின் அளவைத் தீர்மானிக்கலாம்.

உதாரணத்துக்கு மாதம் 18,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600. அதில் 400 பகலில் போகிறது என்றால், கிட்டத்தட்ட 100 கிலோவாற் சோலார் போதும். இங்கே 1 கிலோவாற் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும். நடைபாதையும் சேர்த்து 600 சதுர மீற்றர் கூரை வேண்டும். மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் 10 பாகைச் சரிவு போதும், மழைத்தண்ணீர் வழிந்து தூசியையும் கழுவிக்கொண்டு போகும். சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அதனால் எல்லாப் பலகையையும் தெற்கே திருப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிழக்கு, மேற்குச் சரிவுள்ள கூரைகளிலும் இழப்பு சொற்பம். காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக வருவது வகுப்பு நேரத்துக்குப் பொருந்தவும் செய்யும்.

சரி, காற்று. காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். இந்த ஒரு விதியை விட்டுவிட்டுத்தான் பலர் காற்றாடி வாங்குகிறார்கள். 5 கிலோவாற் என்று விற்கும் சிறிய காற்றாடி அந்த 5 கிலோவாற்றை வினாடிக்கு 12 மீற்றர் போன்ற வேகத்தில்தான் தரும். வேகம் 4 மீற்றர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, சக்தியோ 27இல் ஒரு பங்கு: 185 வாற். காற்று ஏறி இறங்கி வீசுவதால், சராசரி 4 மீற்றர் உள்ள இடத்தில் உண்மையில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைக்கலாம். அப்படியும் நாளுக்கு 8, 9 யூனிட். அதை 550 வாற் சோலார் பலகை நான்கே தந்துவிடும், கோபுரமும் வேண்டாம், சுழலும் பாகமும் இல்லை. மன்னாரில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற்றுக்கு நிற்கின்றனவே என்று கேட்பார்கள். அந்தக் கரையின் காற்று வேறு, அந்தக் கோபுரங்களின் உயரமும் வேறு.

இன்னொன்று, வெயில் இல்லாதபோது காற்று கைகொடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே அதை மணிவாரியாகச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில்தான் வெயிலும் கொளுத்தும். கடற்காற்றும் பின்னேரத்தில், சோலார் இன்னும் ஓடும் நேரத்திலேயே எழும்பும். நமக்கு உண்மையான பஞ்சம் கார்த்திகை முதல் தை வரை. அடைமழை நாளில் 1 கிலோவாற் சோலார் 1 யூனிட் தருவதே பெரிய காரியம். அப்போது வாடைக்காற்று எவ்வளவு வேகத்தில், எந்த மணிகளில் வீசுகிறது என்பதே உங்கள் செயற்றிட்டத்தின் மையக் கேள்வி. நாசாவின் 'பவர்' (POWER) இணையத்தளத்தில் வெயில், காற்று பற்றிய மணிவாரித் தரவு இலவசம். ஆனால் வளாகத்திலேயே 10, 20 மீற்றர் உயரங்களில் ஓராண்டு அளந்தால்தான் நம்பலாம். 20 மீற்றர் உயரத்தில் காற்றின் ஆண்டுச் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீற்றருக்குக் குறைந்தால் கற்பித்தலுக்காக ஒரு சிறு காற்றாடியோடு நிறுத்துங்கள். அதையும் கட்டடக் கூரையில் வைக்க வேண்டாம். சுற்றிலும் 150 மீற்றருக்குள் உள்ள தென்னையைவிட 9 மீற்றராவது உயர்ந்த கோபுரத்தில் வையுங்கள்.

இனி இன்வேட்டர், அதாவது பலகையின் மின்சாரத்தை நாம் பாவிக்கும் மின்சாரமாக மாற்றும் கருவி. சபையின் லைனோடு இணைந்து ஓடும் சாதாரண கிரிட் இன்வேட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, கூரை நிறையப் பலகை இருந்தும் பலர் இருட்டில் இருந்தது இதனால்தான். ஆகவே லைன் போனாலும் பற்றரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வேட்டர், அவசியச் சுமைகளுக்குத் தனி போர்ட், பற்றரி மூன்றும் வேண்டும். 8 கிலோவாற் அவசியச் சுமையை 4 மணி நேரம் ஓட்ட 32 யூனிட் வேண்டும், 40 யூனிட் லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி போதும். அடைமழைக் காலத்துக்கு வளாகத்து ஜெனரேற்றரையும் திட்டத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் மிஞ்சும் மின்சாரத்தை விற்ற வருமானமாக முழுவதும் எழுதிவிடாதீர்கள். 2025 புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது.

உப்புக்காற்றைச் சிறிதும் குறைத்து எடைபோடக் கூடாது. கல்லடி, ஒலுவில் பக்கக் கூரைகளில் அலுமினியச் சட்டமும் சாதாரண இரும்பு ஆணியும் தொடும் இடத்தில் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். விரலால் தட்டினால் உதிரும், அதற்குக் கீழே அலுமினியம் அரித்துப்போயிருக்கும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையும் உப்புப் பனிச் சோதனை தேறிய பலகைகளையும் விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி இந்த ஊரில் கூரைகளையே பிடுங்கியது, பலகைப் பிடிப்புகளுக்கான காற்றுச் சுமைக் கணக்கைக் கட்டடப் பொறியியலாளரிடம் ஒப்பமிட்டு வாங்குங்கள். பற்றரி அறை மேல் மாடியில், வெள்ளம் எட்டாத இடத்தில், காற்றோட்டத்தோடு இருக்கட்டும்.

லொகர் வாசிப்பு கைக்கு வந்ததும் மணிவாரி எண்களைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். பற்றரிக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.