தஞ்சாவூரில் வேலை, பிள்ளைகளுக்கு வீணையும் ஓவியமும் வேண்டும். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?

கேள்வியின் சுருக்கம் இது. ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை, மற்றவருக்கு வல்லம் பக்கம் கல்லூரியில். மகள் வீணை கற்கிறாள், மகன் படம் வரைகிறான், கூடவே பாட்டி. வேலைக்கு அரை மணிக்குள் போக வேண்டும், தெருவில் கொஞ்சம் கலை வாசமும் வேண்டும். திருவையாறு, மேல வீதி, மருத்துவக் கல்லூரி சாலை மூன்றில் எது?

முதலில் வாத்தியாரைத் தேடுங்கள், அப்புறம் வீட்டை. டெல்டாவில் பெரும்பாலும் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேர் பெற்ற ஊர் என்று வீட்டைப் பிடித்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் பிறகு வகுப்பு விசாரிக்கிறார்கள். இங்கே கலை பெரிய கட்டடங்களில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில், மாலை ஐந்தரை மணிக்கு, பாய் விரித்த தரையில் நடக்கிறது. அந்தக் கூடம் உங்கள் வீட்டிலிருந்து பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் இருந்தால் அதுதான் உங்களுக்குக் கலைப் பகுதி. தெருவின் பெயருக்கு எவ்வளவு சரித்திரம் இருந்தாலும் வகுப்பு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒரு வருடத்தில் நின்றுவிடும். காரணம் எளிது. வகுப்புக்குக் கொண்டுபோய் விட வேண்டிய நேரமும் நீங்கள் வேலை முடிந்து திரும்பும் நேரமும் ஒன்றுதான். வேலைக்குப் போவது நாளுக்கு ஒருமுறை, அதுவும் பெரியவர்கள் போவது. பத்து நிமிடம் கூடினால் சமாளிக்கலாம். பிள்ளைகளின் வகுப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்கு இடமில்லை.

திருவையாற்றை முதலில் பார்த்துவிடுவோம், ஆசை அதன் மேல்தான் அதிகம் என்று கேள்வியிலேயே தெரிகிறது. தியாகராஜர் சமாதி, அரசு இசைக் கல்லூரி, தை மாதத்து ஆராதனை, காவிரிப் படித்துறை எல்லாம் உண்மைதான். ஆனால் இசைக் கல்லூரி பள்ளிப் படிப்பு முடித்துச் சேருகிறவர்களுக்கானது. உங்கள் மகளுக்கு நேரடியாகப் பயன்படாது. அங்கே படித்து அந்த ஊரிலேயே தங்கி வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள்தான் பயன். இனி தூரம். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குச் சுமார் 12 கிலோமீட்டர். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அப்புறம் காவிரி என்று பாலத்துக்கு மேல் பாலம். கரந்தையிலும் பள்ளியக்கிரகாரத்திலும் சாலை ஒடுங்கும். ஒரு லாரி நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி மருத்துவக் கல்லூரிக்கு இன்னொரு டவுன் பஸ். வீட்டு வாசலிலிருந்து வார்டு வாசல் வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வல்லம் போகிறவருக்கு இன்னும் கூடும், ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. கிராமச் சாலைகளில் அறுவடை இயந்திரங்களும் நெல் லாரிகளும் ஊர்ந்து போகும், சில இடங்களில் நெல்லைச் சாலையிலேயே காயவைத்திருப்பார்கள். பைக் சக்கரம் நெல்மணியில் வழுக்கும். இருவருக்கும் தெற்குப் பக்கம் வேலை இருக்கும்போது திருவையாறு வேண்டாம் என்றே சொல்வேன். ஆராதனைக்குப் போய்ப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்டுவிட்டு வருவதற்கு அங்கே குடியிருக்க வேண்டியதில்லை.

பழைய கோட்டைக்குள் இருக்கும் மேல வீதி வேறு விஷயம். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி வழிபட்ட பங்காரு காமாட்சி கோயில் அந்த வீதியில்தான் இருக்கிறது. பரதநாட்டியத்துக்கு இன்றைய வடிவம் தந்த தஞ்சை நால்வரின் வீடும் அங்கேதான். நான்கு ராஜ வீதிகளிலும் உள் சந்துகளிலும் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவர்கள், பாட்டு, மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரசுவதி மகால் நூலகம், அரண்மனை, பெரிய கோயில், சிவகங்கைப் பூங்கா எல்லாம் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து நடந்து போகிற தூரம். சித்திரையில் பெரிய கோயில் தேர், வைகாசியில் இருபத்து நான்கு கருட சேவை இரண்டும் வாசலிலேயே. அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்க முடியாது. இரவுப் பணி உள்ளவர் முதல் நாளே வண்டியை வெளிச்சாலையில் நிறுத்திவிட வேண்டும்.

இந்த வீதிகளில் வீட்டைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகள் குறுகி நீண்டவை; திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கும். வாடகைக்காக அவற்றை நடுவில் தடுத்து இரண்டு, மூன்று குடித்தனமாக்கியிருப்பார்கள். கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தால் பாட்டிக்கு இரவில் கஷ்டம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். கார் இருந்தால் நிறுத்த இடம் கிடைக்காது. ஒத்திக்கு வீடு தருகிறேன் என்று யாராவது சொன்னால் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள், அதிலும் கோட்டை அகழியை ஒட்டிய அலங்கம் பக்கமாக இருந்தால். அங்கே அகழிக் கரைப் புறம்போக்கில் கட்டிய வீடுகளும் உண்டு.

கோட்டைக்குள் வாத்தியார் கிடைத்து, அங்கே குடியிருக்க மனம் ஒப்பவில்லை என்றால் சீனிவாசபுரம் பாருங்கள். பெரிய கோயிலுக்கு மேற்கே, ராஜ வீதிகளுக்குச் சைக்கிள் தூரம். வீடுகள் தனித்தனி, தெரு அகலம் பரவாயில்லை.

உங்கள் நிலைமைக்கு என் முதல் தேர்வு ரயில் பாதைக்குத் தெற்குப் பக்கம்: மருத்துவக் கல்லூரி சாலையில் ஊர்ப்பக்க முனை, முனிசிபல் காலனி, அருளானந்த நகர் சுற்றுவட்டாரம். தஞ்சாவூர் போக்குவரத்தில் ரயில் பாதைதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டுகிற மேம்பாலமும் கீழ்ப்பாலமும் காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை நெரியும், மழை நாளில் கீழ்ப்பாலத்தில் தண்ணீர் நிற்கும். இரண்டு பேர் வேலையும் தெற்கே என்றால் வீடும் தெற்கே இருக்கட்டும். மருத்துவமனை சைக்கிள் தூரம். வல்லம் போகிறவர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருச்சி பஸ் எதில் ஏறலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாப் பஸ்ஸும் வல்லத்துக்குள் போய் நிற்காது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தினசரி போகிறவருக்கு இது மாதக் கணக்கில் தெரியும்.

இந்தப் பக்கம் கலை இல்லை என்று பலர் சொல்வது சரியல்ல. தென்னகப் பண்பாட்டு மையம் மருத்துவக் கல்லூரி சாலையில்தான் இருக்கிறது. அங்கே நடக்கும் நாட்டுப்புறக் கலை விழாக்களுக்கும் கைவினைக் கண்காட்சிகளுக்கும் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம். அரசு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லிக்கொடுக்கிறது. சேருமுன் வகுப்பு எந்த இடத்தில், எந்த நாட்களில் என்று நேரில் கேளுங்கள். கோட்டைக்குள் இருந்த வாத்தியார்களில் பலர் இப்போது நகர்களில்தான் குடியிருக்கிறார்கள். பலகை தொங்காது. மாலை ஆறு மணிக்குத் தெருத் தெருவாக நடந்தால் இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை காதில் விழும், அந்த வீட்டில் கேட்கலாம். கோயில் நவராத்திரிக் கச்சேரி நோட்டீஸில் உள்ளூர்ப் பெயர்களைப் பாருங்கள். வீணை பழுது பார்க்கும் பட்டறையில் கேட்டால் எந்தத் தெருவில் யார் சொல்லிக்கொடுக்கிறார் என்று கையோடு சொல்வார்கள். அவர்கள்தான் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்வருகிறவர்கள்.

வீணை என்பதால் வீட்டு அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு அடிக்கு மேல் நீளம், பலா மரக் கனம். அதை ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போக முடியாது. பாகங்களைத் தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணையாக இருந்தால் உருண்டையான குடமும் நீண்ட தண்டியும் சேரும் இடம் ஓர் இடியிலேயே விட்டுவிடும். வாத்தியார் வீட்டில் பிள்ளைகளுக்கு வீணை இருக்கிறதா என்று கேளுங்கள், வீட்டில் பயிற்சிக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீணையின் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளும், மெழுகில் பதிந்து நிற்பவை. சித்திரை, வைகாசி வெயிலில் அறை காய்ந்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி கெடும், திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி பதிக்க, வேண்டிவரும். ஆகவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை, மேற்கு வெயில் நேராக விழும் சுவர் இரண்டும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரோரமும் ஆகாது; மரம் ஈரம் குடிக்கும். வடக்கு அல்லது கிழக்கு ஜன்னல் உள்ள உள்ளறை போதும். மகனுக்கும் அதே வடக்கு ஜன்னல்தான் நல்லது, நாள் முழுதும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். பின்னாளில் அவன் தஞ்சாவூர் ஓவியம் எடுத்தால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மாவால் புடைப்பு வேலை செய்வதெல்லாம் காய்வதற்கு ஓதமில்லாத இடம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் விடியற்காலை வீணைப் பயிற்சிக்கு அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

தண்ணீர், வாடகை இரண்டிலும்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஊர் தாழ்ந்த வண்டல் மண். தெற்கே வல்லம் நோக்கிப் போகப் போகச் செம்மண் மேடு. தாழ்ந்த பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் நிலத்தடி நீர் மேலே ஏறும். பாதாளச் சாக்கடை இணைப்பில்லாத வீட்டில் அடைமழையின்போது செப்டிக் டேங்க் வாங்காது, கழிவறைத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். மேட்டுப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் கோடையில் போர் வற்றுகிறதா என்று கேட்க வேண்டும். போர் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் செங்காவி படிந்தால் இரும்பு அதிகம். துணியும் குழாயும் கெடும்.

மின் மீட்டர் உங்கள் குடித்தனத்துக்குத் தனியாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் கிடைப்பது. இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் இலவசம் பங்காகும், மொத்த யூனிட் மேல் அடுக்குக்குப் போய்க் கட்டணமும் ஏறும். 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்பது இங்கே வழக்கத்தில் இருக்கிறது. சட்டத்தைச் சொல்லிப் பேசினால் பாதியாவது குறையும். திரும்பக் கொடுக்கும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கும்பகோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காக. வேலை அங்கே என்றால் மேலக்காவேரி, சுவாமிமலைப் பாதை அருமையான இடம். அரசு கவின் கலைக் கல்லூரி அந்த வழியில் இருக்கிறது. சுவாமிமலையில் காவிரி வண்டலை மெழுகு உருவத்தின் மேல் பூசிப் படிமம் வார்ப்பதைப் பிள்ளைகள் பட்டறை வாசலிலேயே பார்க்கலாம். ஆனால் 2028இல் மகாமகம் வருகிறது. குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு எடுப்பவர்கள் அந்த மாசி மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பதியில் ஒருவருக்குத் தஞ்சாவூர், மற்றவருக்குக் கும்பகோணம் என்றால் பாபநாசம். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்கும் மெலட்டூர் பக்கத்தில்தான்.

வீடு முடிவு செய்யுமுன் ஒரு வேலை நாள் காலை எட்டரைக்கு வீட்டு வாசலிலிருந்து கிளம்பி மருத்துவமனைக்கும் வல்லத்துக்கும் போய்ப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கல்யாண மண்டபங்களால் சாலை எவ்வளவு அடைபடும் என்று தெரிந்துவிடும். பிறகு மாலை ஐந்தேகாலுக்கு அந்த வீட்டிலிருந்து வாத்தியார் வீட்டுக்கு மகளோடு நடந்து பாருங்கள். பள்ளி வேன் எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்றும் கேளுங்கள். ஐந்தரைக்கு இறக்கிவிட்டால் ஐந்தரை வகுப்பு நடக்காது.

ஜூனில் பள்ளி திறக்கும் என்பதால் இங்கே வீடுகள் காலியாவது ஏப்ரல், மே மாதம். ஓதமும் தேங்கும் தண்ணீரும் தெரிவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் சுவரின் கீழ் மூன்று அடியைப் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயின்ட், புதுச் சிமென்ட் பூச்சு அல்லது திடீரென்று ஒட்டிய டைல்ஸ் இருந்தால் உப்புப் பூத்ததை மறைத்திருக்கிறார்கள். வாசல்படி சாலையைவிட எத்தனை அங்குலம் உயரம் என்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டுப் போட்டுப் பல பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள்: கார்த்திகை மழைக்கு இந்தத் தெருவில் எந்த வீடு வரைக்கும் தண்ணீர் நின்றது?