பழைய கிராஸ்ஓவர் கார் வாங்கியாச்சு, அடுத்து?

கேள்வி: 7 வருஷம் ஓடின சின்ன கிராஸ்ஓவர் ஒண்ணு வாங்கினேண்ணே, கார்பார்க் ராம்ப் ஏறும்போது லேசா உதறுது, என்ன செய்யலாம்?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பயப்படாதீங்க தம்பி. சிவிடி கியர்பாக்ஸா (படிப்படியா கியர் மாறாம, பெல்ட் மூலமா வேகத்தைக் கூட்டிக் குறைக்கற ஆட்டோ கியர்) இருந்தா மொதல்ல அதோட ஆயிலைப் பாருங்க, பழைய ஓனர் மாத்தினாரான்னு ரசீது கேளுங்க, இல்லன்னா வண்டி மேனுவல்ல போட்டிருக்கற அதே சிவிடி ஆயிலை மட்டும் ஊத்தச் சொல்லுங்க, சாதா கியர் ஆயில் போச்சுன்னா பெல்ட் வழுக்கி பாக்ஸே கெட்டுடும். அப்பவும் உதறினா எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கற ரப்பர் பிடிமானம்), ஸ்பார்க் பிளக் பாக்கணும். டயர் பக்கவாட்டுல 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது, டயருக்கு வயசாயிடுச்சு, மேல் பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் மாத்திடுங்க. சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வெச்சிருக்க எடுக்கற 10 வருஷ உரிமை) இன்னும் 3 வருஷம்தான், அதனால புது ரிம், சவுண்ட் சிஸ்டம்னு செலவு பண்ணாம அந்தக் காசை கியர்பாக்ஸுக்கு வைங்க.