திட்ட விலக்கம்: 7.07-ஆ, 7.91-ஆ?
திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) உங்களுக்கு 7.07 வருகிறது, விடைத்தாளில் 7.91 இருக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. தேக்கா கடையின் ஐந்து நாள் பரோட்டா விற்பனை 40, 50, 45, 60, 55, சராசரி 50. விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 250. அதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் 7.07, 4-ஆல் வகுத்தால் விடைத்தாளின் 7.91. (விடைத்தாளில் ஒரு வரி விளக்கியிருக்கலாம், சரி விடுங்கள்.)

ஐந்து நாள் என்பது மாதிரிதான், அதாவது எல்லா நாள் விற்பனையும் அடங்கிய முழுத்தொகுதியிலிருந்து எடுத்த ஒரு பகுதி. அந்த ஐந்தின் சராசரியிலிருந்தே விலகலை அளப்பதால் சிதறல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து 4-ஆல் வகுக்கிறார்கள்.

கால்குலேட்டரில் முழுத்தொகுதிக்கான சிக்மா எக்ஸை (σx) விட்டுவிட்டு மாதிரிக்கான எஸ் எக்ஸைப் (sx) பாருங்கள். எக்ஸெல் என்றால் எஸ்டிடெவ்.எஸ் (STDEV.S), 'பி'யில் முடிவது (STDEV.P) முழுத்தொகுதிக்கு. அப்புறம், தேர்வில் கேள்வி எதைக் கேட்கிறது, மாதிரியா முழுத்தொகுதியா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.