2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனாவின் பேண்ட்விட்த்தைக் கூட்டுவது எப்படி?

1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை சர்க்யூட்) போர்டில் 37×29 மி.மீ. பேட்ச் (ஆன்டெனாவாக வேலை செய்யும் செம்புத் தகடு) போட்டும் வைஃபை பேண்ட் முழுவதும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. 2400 முதல் 2483.5 வரை என்றால் 83.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.4% பேண்ட்விட்த் (ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் ஃப்ரீக்வென்சி அகலம்) வேண்டும். அந்தத் தடிமனில் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான் வரும். அதிலும் ஒரு பங்கு போர்டின் இழப்பால் வருவது. எஸ்11 வளைவு (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சிக்னல் திரும்பி வருகிறது என்று காட்டுவது) அகலமாகத் தெரியும், ஆனால் பவர் வெளியே போகாமல் போர்டிலேயே சூடாகிவிடும். இழப்பைக் கூட்டிப் பேண்ட்விட்த் வாங்காதீர்கள்.

காற்றிடைவெளி கொடுங்கள், அதுதான் சரியான வழி. 0.8 மி.மீ. எஃப்ஆர்4 போர்டில் செம்பு மேல்பக்கம் இருக்கும்படி பேட்ச் வெட்டி, நைலான் ஸ்பேசரில் கிரவுண்டுக்கு (அடியில் இருக்கும் உலோகத் தளத்துக்கு) 6 மி.மீ. மேலே நிறுத்துங்கள். நீளம் 52 மி.மீ., அகலம் 60 என்று தொடங்கலாம். கிரவுண்ட் நாலா பக்கமும் 20 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். 5 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். அளவு மட்டும் பெரிதாகிவிடும், அதற்கு மாற்று இல்லை.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கேபிளை மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரின் மையக் கம்பி (பின்) இப்போது 6 மி.மீ.க்கு மேல் நீளம். அந்தக் கம்பியே இண்டக்டர் ஆகி, சுமார் 50 ஓம் ரியாக்டன்ஸ் (ஏசி சிக்னலுக்கு இண்டக்டர் தரும் தடை) சேர்த்துவிடும். ஸ்மித் சார்ட்டில் (இம்பீடன்ஸைக் காட்டும் வட்ட வரைபடத்தில்) எஸ்11 போடும் வளையம் மொத்தமும் மேல்பாதியில் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். பேட்ச் நீளத்தை எவ்வளவு வெட்டினாலும் அது இறங்காது. பின் வரும் துளையைச் சுற்றி 3 மி.மீ. பேட் (தனியான சிறு செம்பு வட்டம்) விட்டு, அதைச் சுற்றி 0.5 மி.மீ. செம்பைச் சுரண்டி எடுங்கள். பின்னை அந்தப் பேடில் சால்டர் செய்து, இடைவெளியின் மேல் 1.2 அல்லது 1.5 பிகோஃபாரட் என்பி0 வகை (வெப்பத்தால் மதிப்பு மாறாத) கப்பாசிட்டர் (0603 அளவு) ஒன்றை வையுங்கள். வளையம் நடுவுக்கு இறங்கிவிடும். கப்பாசிட்டருக்குப் பதில் பேட்சில் யூ வடிவ ஸ்லாட் வெட்டினால் இரண்டாவது ரெசனன்ஸும் (ஆன்டெனா ஒத்ததிரும் இன்னொரு ஃப்ரீக்வென்சியும்) கிடைத்து இன்னும் அகலமாகும், ஆனால் ஸ்லாட் அளவைச் சிமுலேஷன் இல்லாமல் பிடிப்பது கஷ்டம்.

ஃபீட் புள்ளியை (பின் பேட்சைத் தொடும் இடத்தை) பேட்சின் நடுவிலிருந்து நீளவாக்கில் 10 மி.மீ. தள்ளி வையுங்கள். வளையம் பெரிதாக இருந்தால் நடுவை நோக்கியும், சிறிதாக இருந்தால் விளிம்பை நோக்கியும் நகர்த்துங்கள். அதன் பிறகே நீளத்தில் கை வையுங்கள்: 1 மி.மீ. குறைத்தால் சுமார் 50 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும், ஆகவே அரை மி.மீ. அரை மி.மீ. ஆக அராவுங்கள்.

விஎன்ஏவை (எஸ்11 அளக்கும் கருவியை) கேபிளின் முனையில் காலிபரேட் செய்யுங்கள். கேபிளைக் கையால் பிடித்தால் வளைவு ஆடுகிறதா? அப்படியானால் கேபிளின் வெளிப்புறத்தில் கரண்ட் ஓடுகிறது. கேபிளில் ஃபெரைட் (அந்தக் கரண்டைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) மாட்டிவிட்டு மறுபடி அளங்கள். பிளாஸ்டிக் மூடி போடப் போகிறீர்கள் என்றால் கடைசி அராவலுக்கு முன்பே அதைப் போட்டு அளந்துவிடுங்கள், மூடி ஃப்ரீக்வென்சியைக் கீழே இழுக்கும்.